ஊன்றுகோலும் கண்ணும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முன்னோர் வாக்கு. கோயில் வாசலில் நிற்பவர் ஆண்டவனிடம் முதலில் கேட்பதும் அதையேதான். பொன்னும் பொருளும் பின்னர்தான் நினைவுக்கு வரும். ஆயினும் அந்தச் செல்வத்தை ஐந்து வயதிலோ பத்து வயதிலோ இழந்துவிட்டு, அதன் பிறகு ஒரு முழு ஆயுளையும் வாழ வேண்டியவர்கள் உண்டு. வந்த நோயைத் தீர்க்க எல்லோருக்கும் கிடைக்கும் மருந்து இன்று இல்லை. ஒழுங்காக மருந்து ஏற்றிக்கொண்டால் நெடுநாள் வாழலாம்; நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும். இதற்கிடையே, முற்றாகக் குணமாக்கும் வழி கண்டுபிடிக்கப்படப் போகிறது என்ற செய்தியும் அவ்வப்போது வந்துகொண்டிருக்கும். இத்தகையவர் எவ்வாறு வாழ்வது? தீரும் என்று நம்பிக் காத்திருப்பதா? தீராது என்று மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதா? இவற்றுள் எது அறம்? முதலாம் வகை நீரிழிவு நோய் எழுப்பும் வினா இதுவேயாகும்.

சீனி வியாதி, சக்கரை வியாதி என்று தோட்டங்களில் பேசப்படும் நீரிழிவு ஒரே நோய் அன்று. நடுவயதில் பலருக்கும் வருவது இரண்டாம் வகை. அதற்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் குளிசைகளும் பெரிதும் உதவும். முதலாம் வகையோ பெரும்பாலும் பிள்ளைகளையும் இளவயதினரையும் பற்றுவது. உடலைக் கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழிதவறிக் கணையத்தில் உள்ள பீற்றாக் கலங்களையே அழித்துவிடுகிறது. இன்சுலினைச் சுரப்பவை அக்கலங்களே. அவை அழிந்தபின் உண்ட உணவின் சீனி இரத்தத்தில் தங்கிவிடும். உடலுக்குள் சென்று சக்தியாக மாறாது. பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். அப்போதும் கவனிக்காவிடில் வாந்தியும் மூச்சிரைப்பும் ஏற்பட்டு மயக்கத்தில் முடியும். பழைய காலத்துச் சுஸ்ருதரும் இந்நோயை இரண்டாகப் பிரித்து, பிறவியோடு வருவது ஒன்று, உணவு முறையால் வருவது இன்னொன்று எனக் கண்டிருந்தார். இனிப்பு அதிகம் தின்றதால் பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு வருவதில்லை. பெற்றோர் செய்த தவறாலும் வருவதில்லை.

இந்நோயோடு தோட்டத்தில் வாழ்வது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்சுலின் ஊசிக்கும் உணவுக்கும் உழைப்புக்கும் இடையே ஓர் ஒழுங்கு வேண்டும். ஊசி ஏற்றியபின் உணவு பிந்தினாலோ, வழக்கத்தை விட அதிகம் மலையேறி இறங்கினாலோ இரத்தத்தில் சீனி சட்டென்று குறைந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், நினைவு தடுமாறும். பிரட்டுக்கு நேரத்தோடு போக வேண்டிய, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சரிவில் நின்று கொழுந்து பறிக்க வேண்டிய வாழ்க்கையில் இந்த ஒழுங்கைக் காப்பது எளிதன்று. இலங்கையின் அரச மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது. இது இந்நாட்டின் பெருமை. ஆனால் மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்குக் கிளினிக் வருவதென்றால் ஒரு நாள் போய்விடும். அன்றைக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் விழாது. வீட்டில் இரத்தச் சீனியைப் பார்க்கும் கருவிக்கும் அதற்கான துண்டுகளுக்கும் பெரும்பாலும் கைக்காசுதான் செலவாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்துக் காம்பராவில் மருந்துப் போத்தலை ஈர மண்பானைக்குள் வைத்துக் காக்க வேண்டும். நாளொன்றுக்கு நான்கு ஊசி என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 1460. ஐம்பது ஆண்டு வாழ்ந்தால் 73,000.

இவ்வளவையும் சுமக்கும் பிள்ளை ஒருநாள் கேட்கத்தான் செய்யும்: “இந்த ஊசிய எப்பம்மா நிப்பாட்டுவாங்க?” இக்கேள்விக்குத் தோட்டங்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. “அடுத்த வருஷம் எல்லாம் சுகமாயிரும் கண்ணு” என்பது ஒன்று. “அது ஒன் தலையெழுத்து, என்னா செய்றது” என்பது இரண்டாவது. “கதிர்காமத்துக்கு நேந்திருக்கேன், சாமி பாத்துக்கும்” என்பது மூன்றாவது. முதலாவது அன்பால் சொல்லப்படும் பொய். இரண்டாவது சோர்வால் சொல்லப்படும் அரை உண்மை. மூன்றாவது நம்பிக்கை, அது எந்த வகை நம்பிக்கை என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமையும்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளப் பெரியபுராணத்தில் ஒரு வரலாறு உண்டு. சேக்கிழார் அதனை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் கூறுகிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரமூர்த்தி நாயனார், அவரை விட்டுப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் வாக்குக் கொடுத்தார். பின்னர் திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட அவ்வூரைவிட்டுப் புறப்பட்டார். எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன. பாடியபடியே தடுமாறித் திருவெண்பாக்கம் வந்தார். அங்கே இறைவன் அவருக்குக் கண்ணைத் தரவில்லை; ஓர் ஊன்றுகோலைத் தந்தார். அதைப் பற்றிக்கொண்டு நடந்து காஞ்சிபுரம் சேர்ந்தபோது இடக்கண் கிடைத்தது. திருவாரூர் சேர்ந்தபோதுதான் வலக்கண் கிடைத்தது.

அடியார்களின் நோய் தீர்ந்த வரலாறுகள் பல உண்டு. அப்பர் பெருமானின் சூலை திருவதிகையில் தீர்ந்தது. பாண்டியனின் வெப்பு நோய் சம்பந்தரின் திருநீற்றால் தீர்ந்தது. திருவிழாச் சொற்பொழிவுகளில் அதிகம் கேட்கப்படுபவை இவையே. கேட்பவர் மனத்தில் நோய் என்றால் ஒரே நாளில் தீர வேண்டும், இல்லையேல் அருள் இல்லை என்ற எண்ணம் வேரூன்றிவிடுவதும் உண்டு. சுந்தரர் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. கேட்டது கண். முதலில் கிடைத்தது கோல். கோலும் அருளே.

ஆனால் அந்தக் கோலைப் பெறுவது அவருக்கும் எளிதாக இருக்கவில்லை. திருவெண்பாக்கம் கோயில் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டியில் உள்ளது. அங்கு இறைவன் பெயரே ஊன்றீஸ்வரர். கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்ததும் சுந்தரர் சினமுற்று அதை வீசினார், அது நந்தியின் மீது பட்டுக் கொம்பு ஒடிந்தது என்று அத்தல வரலாறு சொல்கிறது. ஒடிந்த கொம்போடு நந்தி அங்கு இருக்கிறது. ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு அழும் பிள்ளையைக் கண்டிக்க முற்படுவோர் அந்த நந்தியை நினைத்துக்கொள்வது நல்லது. கோபம் பாவமன்று. கோபம் தணிந்தபின் கோலை மீண்டும் எடுத்துக்கொண்டு நடப்பதே முக்கியம்.

இன்சுலின் அத்தகைய ஊன்றுகோல்தான். 1921 ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெடெரிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகியோர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் அதனைப் பிரித்தெடுத்தனர். கொலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில் 14 வயது லெனாட் தொம்ப்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக அது ஏற்றப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைப் பெயரளவில் ஒரு டொலர் பெற்றுக்கொண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். பாண்டிங்கின் பிறந்த நாளான நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பலர் நீரிழிவுக்கு முடிவு வந்துவிட்டது என்றே எண்ணினர். ஆனால் இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை. ஏற்றிய ஊசியின் பயன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மறுபடியும் ஏற்ற வேண்டும். அது கண்ணன்று, கோல். ஆயினும் அக்கோல் இல்லாத காலத்தில் இந்நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தனர்.

அக்காலத்தில் எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமி இருந்தார். 1919 இல் பதினொரு வயதில் நோய் வெளிப்பட்டது. அன்றைய ஒரே வைத்தியம் பட்டினிதான். உணவைக் குறைத்துக் குறைத்து உயிரை மட்டும் பிடித்து வைப்பதே அதன் முறை. மூன்று ஆண்டுகள் அச்சிறுமி அந்தக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கைக்கொண்டார். 1922 ஆகத்தில் பாண்டிங்கிடம் கொண்டு வரப்பட்டபோது பதினைந்து வயதை நெருங்கிய அவரது நிறை ஏறக்குறைய 20 கிலோகிராம்தான். இன்சுலின் கிடைத்ததும் உடல் தேறினார், மணம் முடித்தார், மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார், 1981 இல் 73 வயதில் இறந்தார். அவர் ஏற்றிக்கொண்ட ஊசிகள் 42,000 வரை இருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். இன்சுலின் வரும் என்று 1919 இல் அவருக்கு எவரும் உறுதி கூறியிருக்க முடியாது. ஆனால் வந்த நாளில் அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இருந்தார். நம்பிக்கை என்பதன் உண்மையான பொருள் இங்கேயே உள்ளது. வரப்போகும் நன்மையை எண்ணிக்கொண்டிருப்பது மட்டும் நம்பிக்கை ஆகாது. அது வரும் நாளில் இருப்பதற்கு வேண்டியதை இன்று செய்வதே நம்பிக்கை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மனிதர் செய்யும் பிழைகள் தெளிவாகும். முதற்பிழை, கண் வேண்டும் என்பதற்காகக் கோலை எறிந்துவிடுவது. நேர்த்திக்கடன் வைத்துவிட்டோம், இனி ஊசி எதற்கு என்று நிறுத்துவோர் உண்டு. மருந்தை நிறுத்தினால்தான் பக்தி உறுதியானது என்று நினைப்போரும் உண்டு. கதிர்காமம் ஊவாவின் மண்ணிலேயே உள்ள திருத்தலம். காவடி தூக்குவதும் நடைபயணம் போவதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழிபாடு. கந்தனிடம் சுகம் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் கேட்ட கையாலேயே ஊசியை எறிவது, இறைவனைச் சோதித்துப் பார்ப்பதாகும். முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் நின்றால் சில நாட்களிலேயே இரத்தம் அமிலத்தன்மை அடைந்து உயிருக்கு ஆபத்து நேரும். அதன் பின் சாமி கைவிட்டுவிட்டது என்று சொல்வதில் நியாயமில்லை. நோயாளருக்கும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்பது பெரியோர் வழக்கு. கந்தசஷ்டி நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளர் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது விரதத்துக்கு இழுக்காகாது.

மருந்து விற்போர் இந்தப் பிழையை இன்னும் பெரிதாக்குகின்றனர். நீரிழிவை நிரந்தரமாகத் தீர்க்கும் மூலிகை என்ற விளம்பரம் பேருந்து நிலையத்திலும் கைத்தொலைபேசியிலும் காணக்கிடைக்கிறது. கொத்தலஹிம்புட்டு மரக் கிண்ணத்தில் ஊறிய நீர், பாகற்காய்ச் சாறு, கோவைக் கீரை என்று அயலவர் சொல்லும் கைமருந்துகளும் பல. அவை இரத்தச் சீனியை ஓரளவு தணிக்கும் என்று சொல்வோர் சொல்லலாம். இன்சுலினே சுரக்காத உடலில் அவை இன்சுலினின் இடத்தை நிரப்ப மாட்டா. ஒரு தாயின் ஆசையை விலைபேசி அவளது பிள்ளையின் கோலைப் பிடுங்குவது களவினும் கொடியது.

இரண்டாவது பிழை, கோல் கிடைத்ததே போதும் என்று கண்ணை மறப்பது. எல்லாம் ஊழ்வினை, போன பிறவியில் செய்தது என்று சொல்லி அடங்கிவிடுவது. சுந்தரர் கண்ணிழந்தது வாக்குத் தவறியதால் என்று புராணம் சொல்வதை எடுத்துக்காட்டி, நோயுற்ற பிள்ளையையும் குற்றவாளியாக்குவோர் இருக்கலாம். எவருக்கும் வாக்குக் கொடுத்தறியாத நான்கு வயதுக் குழந்தைக்கும் இந்நோய் வருகிறதே! வள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆனால் ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். மருந்து என்று வேறோர் அதிகாரமும் வைத்தார். விதி ஒன்றே போதுமென்றால் மருந்துக்கு அங்கே இடமிருந்திராது. விதியென்று அடங்கியவர் ஊசியைத் தூக்கி எறிவதில்லை. ஆனால் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடுவர். ‘எப்படியும் தீரப்போவதில்லை, ஒரு நேரம் தவறினால் என்ன’ என்ற எண்ணம் கிளினிக்கைத் தள்ளிப்போடும். கால் புண்ணைக் கவனிக்காமல் விடும். சுந்தரரும் கோல் கிடைத்த திருவெண்பாக்கத்திலேயே தங்கிவிடவில்லை. தொடர்ந்து நடந்ததால்தான் காஞ்சியும் ஆரூரும் வந்தன.

அப்படியானால் கண் கிடைக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. 1966 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கணையம் மாற்றிப் பொருத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் இறந்தோரின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பிரித்தெடுத்து ஏழு பேருக்கு ஏற்றினர். ஏழு பேரும் ஊசியை விட்டனர். ஆனால் இம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் ஊசிக்குத் திரும்பினர். 2022 இல் ரெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் வரும் அறிகுறி இரத்தத்தில் தெரிந்தவர்களுக்கு, அது வெளிப்படுவதைச் சராசரி இரண்டு ஆண்டுகள் வரை அது பிற்போடுகிறது. 2025 இல் வெளியான ஓர் ஆய்வில், மூலக்கலங்களிலிருந்து வளர்த்தெடுத்த கலங்கள் முழு அளவில் ஏற்றப்பட்ட 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இன்றி இருந்தனர். அதற்காக அவர்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டியுள்ளது. அவற்றால் கிருமித் தொற்று முதலிய ஆபத்துகள் உண்டு. அம்மருந்துகள் இன்றியே கலங்களை ஏற்றும் முயற்சியும் சுவீடனில் ஒருவரிடத்தில் தொடங்கியுள்ளது.

இச்செய்திகள் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் இவற்றை முழுமையாக வாசிக்க வேண்டும். இன்னும் ஐந்தே ஆண்டுகள் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே முதுமை அடைந்த நோயாளர் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சிலருக்குக் கிடைத்தது பதுளைக் கிளினிக்கின் வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையை எப்போது வந்தடையும் என்பதற்குத் தேதி குறிக்க எவராலும் இயலாது. ஆகவே நம்பிக்கையைத் தேதியில் கட்டி வைக்கக் கூடாது. தேதி தவறும்போது நம்பிக்கையும் சேர்ந்து அறுந்துவிடும்.

இங்கு இன்னோர் உண்மையும் நோக்கத்தக்கது. நாளை வரும் சிகிச்சை, இழந்த இன்சுலினைத் திருப்பித் தரலாம். பழுதடைந்த கண்ணையும் சிறுநீரகத்தையும் வெட்டியெடுத்த காலையும் அது திருப்பித் தரப்போவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடத்தி 1993 இல் முடிவு வெளியிடப்பட்ட பெரிய ஆய்வொன்று, இரத்தச் சீனியை மிகக் கவனமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் விழித்திரை பாதிப்பு ஏற்படும் அபாயம் 76 வீதம் குறைந்ததைக் காட்டியது. சிறுநீரகமும் நரம்புகளும் அவ்வாறே பெரிதும் காக்கப்பட்டன. ஆதலால் இன்று ஏற்றும் ஊசிக்கும் நாளை வரும் விடுதலைக்கும் பகையில்லை. இன்றைய ஊசிதான் நாளைய விடுதலைக்கு உடலைக் காத்து வைக்கிறது. கோலைப் பிடித்து நடந்தவருக்கே கண் கிடைத்த ஊர் வந்தது.

மூன்றாவது பிழை நோயாளருடையதன்று, அயலாருடையது. கோலைக் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று தனியே நடக்கவிடுவது. வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். நான்காமவரை மற்ற மூவருக்கும் சமமாக வைத்த பெருமை நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனாவின் ஷங்காய் நகரில் அகதியாக வாழ்ந்த எவா சாக்ஸல் என்ற இளம்பெண்ணுக்கு முதலாம் வகை நீரிழிவு இருந்தது. 1941 இறுதியில் யப்பான் போரில் இறங்கியபின் மருந்துக் கடைகள் மூடப்பட்டன. அவரும் கணவர் விக்டரும் ஒரு மருத்துவ நூலை வைத்துக்கொண்டு, நீரெருமைகளின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுக்கக் கற்றனர், முயல்களில் சோதித்தனர், பின்னர் எவா தமது உடலிலேயே ஏற்றிப் பார்த்தார். அது பலித்ததும் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்த 200க்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளர் அம்மருந்தால் போர் முடியும்வரை காக்கப்பட்டனர். எவா 2002 வரை வாழ்ந்தார்.

மலையகத்தில் எவரும் எருமைக் கணையத்தைத் தேட வேண்டியதில்லை. வேண்டியது அதைவிட எளியது. சீனி குறைந்து வியர்த்து உளறும் ஒருவரைக் குடித்திருக்கிறார் என்றோ, முனி அடித்துவிட்டது என்றோ எண்ணி விபூதி போட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் இருந்தாலே ஓர் உயிர் பிழைக்கும். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தீமிதிப்பு நாளிலும் தேர் நாளிலும் கோயில் மடப்பள்ளியில் ஒரு போத்தல் சீனி தனியே இருப்பது பெரிய செலவன்று. கிளினிக் நாளில் அடுத்த வீட்டார் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் பிஸ்கட் தின்ன அனுமதி கொடுக்கலாம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிந்து வீதிகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் எந்த லயத்தில் இன்சுலின் எடுக்கும் பிள்ளை இருக்கிறது, எத்தனை நாளுக்கு மருந்து கையிருப்பில் உள்ளது என்பது தோட்டத்தில் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டுமானால் மறைக்கக் கூடாது. இதில்தான் பெரும் தடை உள்ளது. பெண்பிள்ளை என்றால் கலியாணம் தடைப்படும் என்று வீட்டார் நோயை மூடி மறைப்பர். மறைத்து மணம் முடித்த பெண் புகுந்த வீட்டில் ஊசியை ஒளித்து ஏற்றுவாள். ஒளிக்க முடியாத நாளில் ஏற்றாமல் விடுவாள். எலிசபெத் ஹியூஸும் வாழ்நாள் முழுதும் தம் நோயை வெளியாருக்குச் சொல்லாமல் வாழ்ந்தவர்தான். அவருக்கு வசதியும் தனியறையும் இருந்தன. ஒற்றைக் காம்பராவில் வாழும் மருமகளுக்கு அவை இல்லை. ஆகவே இங்கே மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வசீம் அக்ரமுக்கு 1997 இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. இன்சுலின் ஏற்றிக்கொண்டே 2003 வரை ஆடினார். ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட்டுகளை வீழ்த்திய முதல் பந்து வீச்சாளர் என்ற சாதனையையும் அவ்வாண்டிலேயே படைத்தார். தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியும் வருகிறார். மாப்பிள்ளை வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி, பெண்ணுக்கு நோய் உண்டா என்பதன்று. அந்தப் பெண்ணுக்கு ஊசி ஏற்றும் நேரத்தில் ஒரு பிடி சோறு தயாராக இருக்கும் வீடாகத் தமது வீடு இருக்குமா என்பதே.

இனி, பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோமாயின், பொய்யும் சோர்வும் இல்லாத பதில் ஒன்று உண்டு. “இப்போதைக்கு நிப்பாட்ட ஏலாது கண்ணு. நிப்பாட்றதுக்கு ஒலகத்துல நெறயப் பேரு பாடுபடுறாங்க. அது எப்ப வரும்னு அம்மாவுக்குத் தெரியாது. வர்ற நாள்ல ஒன் கண்ணு, காலு எல்லாம் நல்லா இருக்கணும். அதுக்குத்தான் இந்த ஊசி. சாமிகிட்டயும் கேப்போம், ஊசியும் போடுவோம்.” இவ்வாறு சொல்லும் தாய் பிள்ளையிடமிருந்து எதையும் மறைக்கவில்லை, அதன் ஆசையையும் பறிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் பிள்ளையின் மனம் உடைந்துவிடாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொய்யாகிப் போகும் வாக்குறுதிதான் அதை உடைக்கும்.

ஆகவே தீரும் என்று நம்புவதா, தீராது என்று ஏற்பதா என்ற வினாவில் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் வரிசை ஒன்று உண்டு. இன்றைய நிலையை ஏற்றுக்கொள்வது முதலில். அந்த ஏற்பின் மேல் நின்று நாளையை நம்புவது அடுத்தது. ஏற்பில்லாத நம்பிக்கை கோலை எறியும். நம்பிக்கையில்லாத ஏற்பு வழியிலேயே அமர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் கால் நடக்கும். அவ்வாறு நடப்பவரோடு உற்றாரும் ஊராரும் கூட நடப்பதே திருக்கோயிலைச் சுற்றி வாழும் சமூகத்துக்கு அழகாகும். கோல் பிடித்து நடக்கும் பிள்ளைகள் யாவருக்கும் வழித்துணையாக வேலவன் முன்னிற்க, அவர்கள் ஆரூர் சேரும் நாளும் விரைந்து வருவதாக.